விற்பனை இயலும் ஒரு பெட்டி ரிப்பனும்

மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை அது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், கரும்பலகைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அதை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். எதிரே பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். வெளியே ஆனி மாதத்து வெயில். மழையைக் கண்டு எத்தனையோ நாளாயிற்று.

"இப்ராஹிம், நீதான் வாடிக்கையாளர். நான் விற்பனையாளன். இந்தக் குடை வேண்டாம்னு சொல்லு."

"வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"மழை இல்ல சார்."

"வெயிலுக்குப் பிடிக்கலாமே?"

"துண்டு இருக்கு சார்."

"துண்டு தலையை மட்டுந்தானே காப்பாத்தும்?"

"தலைதான் சார் சுடுது."

வகுப்பு முழுவதும் சிரித்தது. எங்கள் குடித்தனம் அதே மாடியில், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. குடையை மடக்கிவிட்டு, கரும்பலகையில் 'மறுப்பு' என்று பெரிதாக எழுதினார். மறுப்பு வந்துவிட்டால் பாதி விற்பனை முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்றார்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், எங்கள் வகுப்பில் நிறையப் பாதி விற்பனைகள் முடிந்தன. மீதிப் பாதிதான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

விற்பதற்கும் ஒரு படிப்பா?

போன வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டு என் பேத்தி கேட்டாள், "தாத்தா என்ன வேலை பார்த்தாங்க?" என்று. "விற்பனை வாத்தியார்" என்றேன். "மார்க்கெட்டிங் புரொஃபசரா?" என்று கண்ணை விரித்தாள். அவள் விரித்த அளவுக்கு அன்றைக்கு யாரும் கண்ணை விரிக்கவில்லை. எல்லாரும் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தார்கள்.

இவர் பி.காம். படித்தவர். சென்னையில் படித்த காலத்தில், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அமெரிக்கப் புத்தகங்கள் சிலவற்றை வாங்கியிருக்கிறார். எல்லாம் ஒரே விஷயம்: விற்பது எப்படி. அங்கே கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று, கடைக்காரரிடம் போனால் என்ன பேச வேண்டும் என்று வரி வரியாக ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, தன் ஆட்களை நெட்டுருப் போட வைத்ததாம். அதற்கென்று பள்ளிக்கூடமே நடத்தினார்களாம். அப்புறம் கல்லூரிகளில் பொருளாதார வாத்தியார்கள் சிலர், சரக்கு விளைவதையும் செய்வதையும் படிக்கிறோமே, அது ஜனங்கள் கைக்குப் போய்ச் சேர்வதைப் படிக்க வேண்டாமா என்று கேட்டு வகுப்புகள் தொடங்கினார்களாம்.

கல்யாணமான புதிதில் மற்ற மாப்பிள்ளைகள் பெண்டாட்டியிடம் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. இவர் என்னிடம் இதைத்தான் பேசினார். கவனத்தை இழு, ஆர்வத்தை உண்டாக்கு, ஆசையைக் கிளப்பு, வாங்க வை. இந்த நான்கு படிகளும் எனக்கு விநாயகர் அகவலை விட நன்றாக மனப்பாடம்.

அமெரிக்காவில் அப்போது ஒரு பெரிய சண்டையாம். விற்கிற திறமை பிறவியிலேயே வருவதா, படித்து வருவதா என்று. இவர் படித்து வரும் கட்சி. கடைவீதி முழுவதும் பிறவிக் கட்சி. அதனால்தான் பலகை எழுதக் கொடுத்தபோது 'விற்பனைக் கலை' என்று போடக் கூடாது என்றார். கலை என்றால் கருவிலேயே வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்களாம். 'விற்பனை இயல் பயிற்சி நிலையம்' என்று எழுதித் தொங்கவிட்டார். போகிற வருகிறவர்கள் நின்று படித்துவிட்டு, மேலே என்ன விற்கிறார்கள் என்று கீழே ஜவுளிக்கடையில் விசாரித்தார்கள்.

மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜெகதாப்பட்டினத்து இப்ராஹிமின் அப்பா மீன் வியாபாரி. நான்கு படிகளையும் எழுதி முடித்த அன்று அவன் எழுந்து கேட்டான்.

"சார், எங்க கரையில படகு வந்து ஏலம் விட்டதும் மீனத் தள்ளிவிட்டாகணும். இந்த நாலு படியும் ஏறி முடிக்கிறதுக்குள்ள நாறிப்போயிருமே சார்?"

இவர் யோசித்தார். அழுகும் பண்டங்களைப் பற்றித் தனி அத்தியாயம் இருப்பதாகச் சொன்னார். இருந்ததா என்பது சந்தேகம்தான்.

மூன்று வருஷம்

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்தான்.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். அங்கே தொழில் குடும்பத்து ஆண்பிள்ளை கல்யாணம் முடிந்ததும் கடல் கடந்து கடையில் உட்காரப் போக வேண்டும். 'கொண்டு விக்கப் போறது' என்பார்கள். போனால் மூன்று வருஷத் தவணை. பெண்டாட்டி இங்கே பெரிய வீட்டில், அண்ணன் தம்பிகளின் பெண்டாட்டிகளோடு. மூன்று வருஷம் கழித்து வருகிற மனிதர் இளைத்திருப்பார், கறுத்திருப்பார், சில மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறுவார். என் அம்மாவும் அப்படித்தான் வாழ்ந்தாள். என் அப்பாவின் முகம் எனக்கு நெருக்கத்தில் பழக்கமே இல்லை.

என் மாமனாருக்குப் பினாங்கு ஜவுளிக்கடையில் பங்கு இருந்தது. இவரை அங்கே அனுப்புவதாகத்தான் பேச்சு. இவர் மாட்டேன் என்றார். எங்கள் வீடுகளில் மாட்டேன் என்று சொன்ன பிள்ளையை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மாமனார் கத்தவில்லை. தை மாதம் வரை பார், வகுப்பு ஊன்றி நின்றால் நட, இல்லாவிட்டால் கப்பலேறு என்று மட்டும் சொன்னார். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஆக, இவருக்குப் பணயம் விற்பனை இயல். எனக்குப் பணயம் இவர். அந்த மாடியில் எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். ராஜ வீதித் தூசியெல்லாம் எங்கள் சோற்றில்தான் விழும். ஆனாலும் சாயங்காலம் வகுப்பு முடிந்து சுண்ணாம்புக் கட்டிப் பொடியோடு இவர் உள்ளே வந்து, "என்ன குழம்பு?" என்று கேட்கிற சுகத்துக்கு அந்தப் பெரிய வீட்டின் முன்கட்டு, பின்கட்டு இரண்டையும் எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருக்கும். அவ்வளவு ஆசையாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இந்த வயதில் என்ன வெட்கம்?

செய்முறைப் பாடம்

ஆடி முடியப் போகிற சமயம். படித்தது போதும், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று இவர் மாணவர்களைக் கடைவீதிக்கு அனுப்பினார்.

"கடை திறக்கிற நேரத்துக்குப் போங்க. அப்பத்தான் கூட்டம் இருக்காது, கடைக்காரர் நிதானமாப் பேசுவார். எதாவது ஒரு சாமானை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. எப்படிக் காட்டறார், என்ன சொல்றார்னு குறிச்சுக்குங்க. ஒண்ணும் வாங்க வேண்டாம். வந்திருங்க."

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போணி ஆவதற்கு முன்னால் கடை ஏறி, சாமானைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் இறங்குவதா? முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கினால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பது கடைவீதியின் சட்டம். பரம எதிரிகூட அந்த நேரத்தில் ஒரு கட்டி கற்பூரமாவது வாங்கிக்கொண்டுதான் இறங்குவான்.

மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன்.

"போணியா? அது எந்தப் புத்தகத்திலயும் இல்லையே" என்றார்.

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்குப் போணி தெரியாமலா இருக்கும்? தெரியும். நம்பிக்கைதான் கிடையாது. தனக்கு நம்பிக்கை இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைக்கிற வயது அவருக்கு.

போணி கெட்டதோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. விற்பனை என்ற சொல்லை எங்கள் கடைவீதி அதிகம் கேட்டது வரி ஆபீஸ்காரர்கள் வாயிலிருந்துதான். இப்போது 'விற்பனை' என்று பலகை மாட்டிய இடத்திலிருந்து, சட்டைப் பையில் பென்சில் சொருகிய இளைஞர்கள் வந்து, வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கடைக்காரர்கள் ஒரே முடிவுக்குத்தான் வர முடியும். வந்தார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் தலை தெரிந்தால் கீழ ராஜ வீதியில் விற்பனை நின்றுவிடும். மளிகைக்கடைக்காரர் ஒருவர் பருப்பு மூட்டையில் சாய்ந்தபடியே, பருப்பு கேட்டு வந்த அம்மாளிடம் பருப்பு இல்லை என்றாராம். பாத்திரக்கடைக்காரர் தன் கடைச் சாமானெல்லாம் சொந்த வீட்டுப் பாத்திரம், துலக்கக் கொண்டுவந்தது என்றாராம். பிள்ளைகள் இதையெல்லாம் சிரத்தையாக எழுதிக்கொண்டு வந்தார்கள். இந்த வீதியில் யாரும் யாருக்கும் எதுவும் விற்பதில்லை என்று வகுப்பில் வாசித்தார்கள்.

இவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தேவை இவ்வளவு மோசமா விழுந்திருக்கா?" என்றார். அன்றைய பாடம் பொருளாதார மந்தம்.

சாயங்காலம் கீழ்க்கடை ராமையா அண்ணன் மேலே வந்தார். கட்டடம் அவருடையது. நல்ல மனிதர், அன்றைக்கு முகம் சிவந்திருந்தது.

"சார், நீங்க படிச்சவுக. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒங்க பலகையப் பாத்துட்டு எங்கடைக்கே ஆளு வர யோசிக்குது. வீதியில எல்லாரும் என்னயத்தான் ஏசுறாக. ஆவணி முகூர்த்தம் வருது. வேற எடம் பாத்துக்கிருங்க."

வீதியே பகையான பிறகு வேறு இடம் எங்கே கிடைக்கும்? அன்று சாப்பாட்டில் இவர் கை வைக்கவில்லை. எனக்குக் கண்ணை மூடினால் கப்பல்தான் தெரிந்தது.

பச்சை ஜாக்கெட் துணி

மறுநாள் காலை இவர் குளத்துக்குக் குளிக்கப் போன நேரம், நான் தலையை முடிந்துகொண்டு கீழே இறங்கினேன். ராமையா அண்ணன் கடை திறந்து, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. இதுவும் செய்முறைப் பாடமோ என்று பயந்திருப்பார்.

"அண்ணே, அந்தப் பச்சையில ஒரு ஜாக்கெட்டுக்குக் கொடுங்க. வெலயெல்லாம் பேச மாட்டேன்."

"ஆச்சி, நீங்க எதுக்கு..."

"எங்க பிள்ளைக வெறுங்கையோட எறங்குனதுக்கு நான் வாங்கிக்கிறேன். கொடுங்கண்ணே."

அவர் அளந்து கொடுத்தார். நான் நீட்டிய காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். பழைய குறை தீர்ந்தது, அவ்வளவுதான் என்று மேலே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கறம்பக்குடி பஸ்ஸிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டமே இறங்கி, ராமையா அண்ணன் கடைக்குள் புகுந்தது. பெண்ணின் அத்தை, பெரியம்மா, பேச்சுத் துணைக்கு வந்தவர்கள் என்று மெத்தையில் உட்கார இடமில்லை. கலர் சோடா பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் பார்த்தால் அலமாரியில் பாதி காலி.

இதில் ஒரு மந்திரமும் இல்லை. அவர்கள் வழக்கமாக எடுக்கிற எதிர்க்கடைக்காரர் அன்றைக்கு ஒரு துக்கத்துக்குப் போய்க் கடையை அடைத்திருந்தார். எனக்கும் தெரியும், ராமையா அண்ணனுக்கும் தெரியும், துக்கத்துக்குப் போனவருக்கும் தெரியும். ஆனால் ராமையா அண்ணன் வீதியில் சொன்னது வேறு.

"மாடி ஆச்சி கை இருக்கே, அது லேசுப்பட்ட கையில்ல. என்னா ராசிங்கிறீக!"

அவ்வளவுதான். காலி பண்ணச் சொன்ன பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை.

ரிப்பன்

இரண்டொரு நாளில் பாத்திரக்கடை வீட்டு அம்மா மாடிப்படியில் வந்து நின்றாள். நாளைக் காலையில் ஒரு கரண்டியாவது வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அப்புறம் மளிகைக்கடை. அப்புறம் வளையல், ஊக்கு, ரிப்பன் விற்கிற கடை. எனக்குக் கைராசியில் இம்மியும் நம்பிக்கை கிடையாது. அப்படி ஒரு ராசி இருந்திருந்தால் என் அம்மாவை மூன்று மூன்று வருஷமாகக் காக்க விட்டிருக்குமா? ஆனால் யார் கை நீட்டினாலும் அதைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் நான் இருந்தேன்.

ஒவ்வொரு கடையிலும் போணி செய்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தை போடுவேன்.

"எங்க பிள்ளைக ரெண்டு பேரு ஒரு வாரம் இங்கிட்டு ஒங்க கூட நிக்கட்டுமே. வரி ஆபீஸ் ஆளுகல்லாம் இல்ல. நல்ல பிள்ளைக."

ராசிக்கை கேட்கிறது. எப்படி மறுப்பார்கள்? பிள்ளைகள் கடைகளில் நின்றார்கள். துணி மடித்தார்கள், பொட்டலம் கட்டினார்கள். நான்கு படிகளையும் பிரயோகம் செய்து வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் மிரட்டவும் செய்தார்கள். சிலர் அந்தக் கடைகளிலேயே வேலைக்கும் அமர்ந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்ந்தது.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. நமது கொள்கை கடைவீதியை வென்றுவிட்டது என்று வகுப்பில் முழங்கினார். "எதிர்ப்புங்கிறது ஆர்வத்தோட முதல் வடிவம், வள்ளி. நான் சொல்லலை?" என்று என்னிடமும் சொன்னார். "சொன்னீங்க" என்றேன். உண்மை தெரிந்தால் அன்றைக்கே கதவைப் பூட்டிவிட்டு கப்பலேற நாகப்பட்டினத்துக்கு நடக்கிற ரோஷக்காரர். அதனால் சொல்லவில்லை. அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதும் இல்லை.

ஒரே தொல்லை, போணிச் சாமான்கள். கரண்டி, கற்பூரம், ஊக்கு என்று வீட்டில் சேர்ந்துகொண்டே போயிற்று. ரிப்பன் மட்டும் ஒரு தகரப் பெட்டி நிறைய. ஒருநாள் இவர் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"இவ்வளவு ரிப்பன் எதுக்கு? நீதான் கொண்டை போடறவளாச்சே?"

ஒரு ரிப்பனை எடுத்து விரலில் சுற்றினேன். பிறகு சொன்னேன். "அவுக அடுக்கி வச்சிருக்கிற அழகப் பாத்ததும் ஆசை வந்திருச்சு."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் நிறம் நிறமாகச் சுற்றி வைக்கச் சொல்லி அந்தக் கடைக்கு யோசனை சொன்னவரே அவர்தான். மறுநாள் வகுப்பில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது: "தேவையே இல்லாத பொருளை ஒரு குடும்பப் பெண் திரும்பத் திரும்ப வாங்கினாள். ஏன்?" பிள்ளைகள் அழகாகப் பதில் சொன்னார்கள். இப்ராஹிம் மட்டும், "வீட்டுல பணம் நெறைய இருக்கும் சார்" என்றான்.

மாமனார் வருகிறார்

தை பிறந்து, சர்க்கரைப் பொங்கல் பானையின் பிசுக்கு விரலை விட்டுப் போவதற்குள் மாமனார் வந்துவிட்டார். நேரே மாடிக்கு வரவில்லை. காலை பஸ்ஸில் இறங்கியவர், மத்தியானம் வரைக்கும் வீதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கடை கடையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ராமையா அண்ணன் வீட்டு ஆள் வந்து சொன்னதும் ரிப்பன் பெட்டியைத் துணிமூட்டைக்குப் பின்னால் தள்ளினேன்.

வந்தார். கால் கழுவினார். மேல்துண்டைத் தட்டி மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் வழக்கப்படி நான் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். இவர் தைரியமாகத்தான் ஆரம்பித்தார். எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், அடுத்த வகுப்பில் எத்தனை பேர் என்று விளக்கினார். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நல்லது. வீதியிலயும் நல்லபடியாத்தான் சொல்றாக. ஆனா ஒருத்தரும் ஒம் படிப்பப் பத்திப் பேசலயே அப்பா. எல்லாரும் ஆத்தா கைராசியத்தான சொல்றாக? அது காலையில வந்து போணி பண்ணுதாம்ல. அதுக்காகத்தான் ஒம் பிள்ளைகளச் சேத்தாகளாம்."

ஆத்தா என்று அவர் சொன்னது என்னைத்தான். பலகை இடுக்கில் பார்த்தேன். இவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, மறுபடி வைத்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"அது மூடநம்பிக்கை அப்பச்சி" என்று கடைசியில் தன் அப்பாவிடம் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும். எனக்கு என்னா நட்டம்? பினாங்குக் கடையில வியாபாரம் படுத்துக் கெடக்கு. இங்க ஒரு வீதியவே நிமுத்துன கை, அங்க ஒரு கடைய நிமுத்தாதா? ஒன்னயக் கப்பலேறுன்னு நான் சொல்லல. சொன்ன வாக்குப்படி ஒன் வகுப்பு நிக்கிது, நீ நடத்து. ஆத்தா போகட்டும். அங்கன நம்ம சின்னத்தா வீடு இருக்கு. இப்பல்லாம் பொம்பளைகளும் போறாகல்ல? தொணைக்கு நம்மூரு ஆளுக வாராக."

ஆண்பிள்ளை போய்ப் பெண்டாட்டி காத்திருந்த கதைதான் எங்கள் வீடுகளில் உண்டு. நான் போய், இவர் இந்த மாடியில் தனியாகச் சோறு பொங்கிச் சாப்பிடுகிற கதையை யார் நினைத்தார்கள்? இவரைக் காப்பாற்றிக்கொள்ள நான் வாங்கிய ஒவ்வொரு ரிப்பனும் என்னையே கட்டிக் கப்பலில் ஏற்றப் பார்த்தது. வெளியே வந்து, "மாமா, அதெல்லாம் பொய், எதிர்க்கடை அடைச்சிருந்துச்சு" என்று கத்தலாமா என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமனார் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார்.

"நாளைக்கு நாகப்பட்டினத்துக்கு நம்ம ஆளு போறான். டிக்கெட்டுக்குச் சொல்லிவிடணும். ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு" என்றார் இவர்.

யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மாமனார் சரி என்று தலையசைத்துவிட்டு, "வாரேன் ஆத்தா" என்று தடுப்பைப் பார்த்துச் சொல்லி, நிதானமாகப் படியிறங்கினார்.

நான் வெளியே வந்தேன். இவர் பெஞ்சில், மாணவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனிச்சியா? போறியா, போகலயான்னு அவர் கேக்கவே இல்ல. ஒண்ணா ரெண்டான்னுதான் கேட்டார். போகலங்கிற பதிலுக்கே எடம் விடல. புத்தகத்துல கடைசி அத்தியாயம் அதுதான். நான் இன்னும் நடத்தல."

"இத்தனை தெரிஞ்ச மனுஷன் நீங்க எதுக்கு ரெண்டுன்னு சொன்னீங்க? ரெண்டு பேரும் வரலன்னு சொல்லியிருக்கலாமே? உங்க வகுப்பு போச்சே!"

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்திலா துக்கத்திலா என்று எனக்கே விளங்கவில்லை. அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுன்னு சொல்ல வாய் வரல, வள்ளி" என்றார்.